கார்புரேட்டரைக் கழற்றும் முன்

1958ஆம் ஆண்டு மாடல்களில் சிலவற்றுக்குக் கிரைஸ்லர் நிறுவனம் ஒரு புதுமையைக் கூடுதல் விலைக்கு விற்றது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘எலக்ட்ரோஜெக்டர்’ என்ற மின்னணு ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் அது. கிரைஸ்லர் 300டி, டிசோட்டோ அட்வென்சரர், டாட்ஜ் டி-500, பிளிமத் ஃப்யூரி ஆகிய நான்கு மாடல்களிலும் சேர்த்து 35 கார்களுக்குத்தான் அது பொருத்தப்பட்டது. பானெட்டுக்கு அடியில் இருக்கும் சூட்டையும் அதிர்வையும் அந்தக் காலத்து மின்னணு உறுப்புகள் தாங்கவில்லை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரை மாட்டிக்கொண்டார்கள். பெண்டிக்ஸின் காப்புரிமைகள் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்குப் போயின. 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷின் டி-ஜெட்ரானிக் வந்தபோதுதான் மின்னணு இன்ஜெக்‌ஷன் நிலையாகக் கால் ஊன்றியது.

இப்போது நடப்பது இதற்கு நேர் எதிர். அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு போன்ற வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள், கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்ஜெக்‌ஷன் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்ப வேண்டும், வழியில் நிற்கக் கூடாது என்பதுதான் அவர்கள் விருப்பம். அதில் தவறே இல்லை.

இரண்டில் எது முன்னேறிய தொழில்நுட்பம் என்பதில் இன்று விவாதம் கிடையாது. இந்தியாவில் புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் போய் வெகுகாலம் ஆகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஆனால் ஐம்பது வயதான இன்ஜின் ஒன்றை, அதைச் சுற்றியுள்ள வயரிங், டாங்க், டைனமோ, இக்னிஷன் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு எது பொருந்தும் என்று சொல்ல முடியும்.

கார்புரேட்டரில் கணக்குப் போடுவது காற்று. கொசு மருந்து அடிக்கும் பழைய ஃப்ளிட் பம்பில், குழல்வாயின் மேல் காற்று வேகமாகப் பாயும்போது மருந்து தானாக மேலேறிச் சிதறுமே, அதே விதிதான் இங்கும். 1893 வாக்கில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகிய இருவரும் இந்த விதியை வைத்து பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரைத் தனித்தனியாகக் கண்டடைந்தார்கள். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஐடிலிங், மேடு ஏறுதல், திடீர் பிக்-அப், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புதல் என ஒவ்வொரு நிலையிலும் இந்தக் கலவையைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ கொடுக்க வேண்டும். அத்தனையையும் மின்சாரமே இல்லாமல், சில பித்தளை ஜெட்டுகளாலும் ஒரு மிதவையாலும் செய்துவிட்டார்கள் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு தீராது.

சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டரில் காற்று போகும் தொண்டையின் அளவு மாறாது. அதனால் ஐடிலிங்குக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட், பிக்-அப்புக்கு ஒரு சிறு பம்பு என்று தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயர் 1905இல் காப்புரிமை பெற்ற எஸ்.யு. கார்புரேட்டரின் வழி வேறு. இன்ஜின் உறிஞ்சும் அளவுக்கேற்ப ஒரு பிஸ்டன் மேலே ஏறித் தொண்டையை அகலப்படுத்தும். பிஸ்டனோடு சேர்ந்து ஏறும் கூம்பு ஊசி, ஒரே ஜெட்டில் பாயும் பெட்ரோலின் அளவைக் கூட்டும். அம்பாசிடரில் இந்த இரண்டு வகைகளும் வந்திருக்கின்றன. எஸ்.யு.வைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இன்ஜின் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கிப் பார்ப்பார்கள். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு, ஒரு கணம் மட்டும் லேசாக ஏறி அடங்கினால் சரி. காது நல்ல மெக்கானிக்குக்கு இது ஐந்து நிமிட வேலை.

அந்தக் காதுகள்தான் இன்று குறைந்து வருகின்றன. கார்புரேட்டர் செய்யும் தொழில் சென்னைக்கு நெருக்கமானது. 1985இல் தொடங்கப்பட்ட யூகால் நிறுவனம், ஜப்பானின் மிகுனியோடு கூட்டுச் சேர்ந்து மாருதி கார்களுக்குக் கார்புரேட்டர் செய்து கொடுத்தது. அந்தக் காலத்தில் தொழில் கற்றவர்கள் ஓய்வுபெறும் வயதை எட்டிவிட்டார்கள். லேப்டாப்பைச் செருகிக் கோளாறு பார்க்கப் பழகிய இளைஞரிடம் மிதவை மட்டத்தை அளக்கச் சொன்னால் அவர் தடுமாறுவது இயல்பு. இன்ஜெக்‌ஷனுக்கு மாறுபவர்கள் பலரை உண்மையில் தள்ளுவது இந்த நிலைதான்.

கார்புரேட்டருக்கு உண்மையான எதிரிகள் மூன்று. முதலாவது சூடு. அம்பாசிடர், ஃபியட் போன்ற வண்டிகளில் பெட்ரோல் பம்பு இன்ஜின் பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். பின்னால் இருக்கும் டாங்கிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சப்படும் திரவத்தின் மேல் அழுத்தம் குறைவு என்பதால் அது சீக்கிரம் ஆவியாகும். பம்புக்கு ஆவியை இழுக்கத் தெரியாது. சித்திரை வெயிலில், நெரிசலில் ஊர்ந்து வந்த அம்பாசிடர் சிக்னலில் நின்றுபோவதும், டிரைவர் இறங்கிப் பம்பின் மேல் ஈரத்துணி போடுவதும் நம் சாலைகளில் ஒரு தலைமுறைக்கே பழக்கமான காட்சி. வண்டியை நிறுத்திய பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து இன்ஜினுக்குள் வழிந்து, மறுபடி ஸ்டார்ட் ஆக மறுப்பதும் உண்டு. இன்ஜெக்‌ஷனில் பம்பு டாங்குக்குள்ளோ பக்கத்திலோ இருக்கும். 3 முதல் 4 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் எளிதில் கொதிக்காது.

இரண்டாவது எதிரி உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டிக்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு வரை குறைகிறது. கார்புரேட்டர் காற்றின் எடையை அறியாது, பாய்ச்சலை மட்டுமே அறியும். எனவே கலவையில் பெட்ரோல் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடிவிடுகிறது. பிளக் கறுக்கிறது, பிக்-அப் மந்தமாகிறது. இன்ஜெக்‌ஷனின் கணினி காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்கிடுகிறது. அதற்கு ஊட்டியும் ஒன்றுதான், மெரினாவும் ஒன்றுதான்.

மூன்றாவது எதிரி புதியது: எத்தனால். 2022 ஜூனில் நாட்டின் பெட்ரோலில் 10 சதவீதக் கலப்பை எட்டிய இந்தியா, 2025இல் 20 சதவீதத்துக்குப் போய்விட்டது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் இ20 பெட்ரோலுக்குத் தேவைப்படும் காற்று குறைவு, விகிதம் 13.5 அளவுக்கு இறங்குகிறது. சுத்தமான பெட்ரோலுக்கென்று ஜெட் பொருத்திய கார்புரேட்டரில் கலவை ஏறத்தாழ 7, 8 சதவீதம் வறண்டுவிடும். அதனால் இன்ஜின் திக்கும், வால்வுகள் சூடேறும். இன்ஜெக்‌ஷனாக இருந்தால் சைலன்ஸர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டு தானாகச் சரிசெய்துகொள்ளும். ஆனால் கார்புரேட்டரிலும் இதற்கு வழி இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சோலெக்ஸ், வெபர் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர் என்று பொருள். அதை 125 ஆக்கினால் துளையின் பரப்பு எட்டு சதவீதம் கூடும், வறட்சி போய்விடும். எஸ்.யு.வில் அதுகூட வேண்டாம். ஜெட்டின் அடியிலுள்ள நட்டைச் சற்றுத் திருப்பி ஜெட்டைக் கீழே இறக்கினால் போதும்.

எத்தனாலின் பெரிய தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரை ஊறவைத்துக் கரைக்கும், கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை உடலை அரிக்கும், டாங்கில் பல ஆண்டுகளாக ஒட்டியிருந்த துருவைக் கிளப்பிவிடும். ஹோஸ், டயஃப்ரம், மிதவை ஊசியின் ரப்பர் முனை எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றியாக வேண்டும். இன்ஜெக்‌ஷன் போட்டாலும் இந்த வேலை மிச்சமாகாது. 4 பார் அழுத்தத்தில் ஒரு பழைய ஹோஸ் வெடித்தால், கார்புரேட்டர் வண்டியில் சொட்டும் பெட்ரோல் இங்கே சூடான சைலன்ஸர் மேனிஃபோல்டின் மேல் பீய்ச்சி அடிக்கும். தீ விபத்துக்கு அது போதும்.

இந்த இடத்தில் மெக்கானிக்குகள் நன்றாக அறிந்த ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். கார்புரேட்டர் கோளாறு என்ற பெயரில் பட்டறைக்கு வரும் நோய்களில் பல கார்புரேட்டருடையவை அல்ல. தேய்ந்த பாயிண்ட், பலம் இழந்த கண்டென்சர், வேகத்துக்கேற்ப முன்னேறாமல் சிக்கிக்கொண்ட டிஸ்ட்ரிப்யூட்டர், மேனிஃபோல்டு கேஸ்கட்டில் காற்றுக் கசிவு, டாங்கில் துரு என்று அவை வேறு இடங்களில் கிடக்கும். கார்புரேட்டரிலேயே பழுது இருந்தால் அநேகமாகத் திராட்டில் தண்டு தேய்ந்து, அந்த இடைவெளியில் காற்று நுழைவதாக இருக்கும். புஷ் அடித்தால் தீரும். இவற்றில் ஒன்றையும் பார்க்காமல் இன்ஜெக்‌ஷன் மாட்டினால் நோய் மோசமாகும். ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், எரியாத காற்று அப்படியே சைலன்ஸருக்கு வரும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துக் கலவை வறண்டிருப்பதாக நினைத்து, இன்னும் பெட்ரோலை ஊற்றச் சொல்லும். பிளக் நனையும், சிலிண்டர் சுவரின் ஆயில் கழுவப்படும். நோயுற்ற இன்ஜினில் கணினி தவறான முடிவையே எடுக்கும். அதன் கையில் இருப்பது அந்த ஒரு சென்சாரின் சொல் மட்டுமே.

இன்ஜெக்‌ஷன் கேட்கும் மற்ற மாற்றங்களையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய ஆங்கிலேய வண்டிகளில் இருக்கும் லூகாஸ் டைனமோ உச்சத்தில் 22 ஆம்பியர் அளவே தரும். ஐடிலிங்கில் ஏறத்தாழ ஒன்றும் தராது. பம்பு, இன்ஜெக்டர், கணினி, சென்சாரின் ஹீட்டர், இவற்றோடு இரவில் ஹெட்லைட்டும் சேர்ந்தால் பாட்டரி வற்றிவிடும். ஆகவே ஆல்டர்னேட்டர் வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல ஆங்கிலேய மாடல்களில் பாஸிட்டிவ் எர்த். அதை நெகட்டிவாக மாற்றாமல் எந்தக் கணினியையும் இணைக்க முடியாது. செம்புக் கம்பி பிளக் வயர்கள் எழுப்பும் மின்காந்த இரைச்சல் கணினியைக் குழப்பும் என்பதால் அவையும் மாற வேண்டும். டாங்குக்குள் தடுப்புத் தகடு இல்லாவிட்டால் வளைவுகளில் பெட்ரோல் ஒதுங்கிப் பம்பு காற்றைக் குடிக்கும். இத்தனையும் சேர்ந்தால் கார்புரேட்டர் மாற்றம் என்பது பாதி வண்டிக்கு வயரிங் செய்வதாகிவிடுகிறது.

ஆனாலும் அது முடியாத வேலை அல்ல. அதற்கு ஆதாரம் மினி கார். 1951இல் ஆஸ்டின் ஏ30 காருக்காக வந்த ஏ-சீரிஸ் இன்ஜினுக்கு, ரோவர் நிறுவனம் 1991இல் ஒற்றை இன்ஜெக்டரையும் 1996இல் இரட்டை இன்ஜெக்டரையும் பொருத்தியது. 2000ஆம் ஆண்டு மினியின் உற்பத்தி முடியும்வரை அது ஓடியது. நான்கு சிலிண்டருக்கு ஏன் இரண்டே இன்ஜெக்டர் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த இன்ஜினின் தலையில் இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே உறிஞ்சு வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு சிலிண்டருக்கென்று தெளித்த பெட்ரோலைப் பக்கத்துச் சிலிண்டர் பிடுங்கிக்கொள்ளும். அம்பாசிடரில் இருந்த 1,489 சிசி பி-சீரிஸ் இன்ஜினுக்கும் இதே அமைப்புதான். ஆகவே அம்பாசிடருக்குச் சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் என்ற எம்பிஎஃப்ஐ முறையைவிட, கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் திராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன்தான் ஏற்றது. பிற்காலத்தில் எம்பிஎஃப்ஐ என்ற எழுத்துடன் வந்த அம்பாசிடர்களில் இருந்தது இசுஸு வடிவமைத்த வேறு இன்ஜின். அந்த உதிரிகளை வாங்கி வந்து பழைய 1,489 சிசியில் பொருத்த நினைப்பது வீண்செலவு.

இன்ஜெக்‌ஷன் என்றாலே நம்பகம் என்ற எண்ணத்துக்கு மறுப்பு டிரையம்ப் நிறுவனத்திலேயே கிடைக்கிறது. வண்டலூர் ஆலையில் சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த ஹெரால்டு, இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப்பின் வடிவமைப்பு. அதே நிறுவனம் 1967இல் டிஆர்5 என்ற ஸ்போர்ட்ஸ் காரை 2.5 லிட்டர் இன்ஜினோடும் லூகாஸின் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனோடும் கொண்டுவந்தது. அறிவித்த திறன் 150 குதிரைகள். அமெரிக்காவுக்கு மட்டும் அதே உடலில் இரட்டை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரைப் பொருத்தி டிஆர்250 என்ற பெயரில் அனுப்பினார்கள். அதன் திறன் 110 அளவில்தான் இருந்தது. காகிதத்தில் இன்ஜெக்‌ஷனுக்கு வெற்றி. (கேம்ஷாஃப்டும் வேறு என்பதால் வித்தியாசம் முழுவதும் இன்ஜெக்‌ஷனால் வந்ததல்ல.) ஆனால் டிஆர்5இன் லூகாஸ் பெட்ரோல் பம்பு வெயிலில் சூடேறித் தகராறு செய்வதில் பேர்போனது. இன்று அந்தக் கார்களை ஓட்டுபவர்களில் பலர் அதை எடுத்துவிட்டு பாஷ் பம்பு போட்டிருக்கிறார்கள்.

திறனைப் பற்றிய ஆசைக்கு இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தின் உச்சப் பிரிவு 2011 வரை கார்புரேட்டரில்தான் ஓடியது. அந்த வி8 இன்ஜின்கள் 800 குதிரைத் திறனைத் தாண்டியவை. 2012இல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியபோது வேகம் பெரிதாகக் கூடிவிடவில்லை. முழுத் திராட்டிலில் நன்றாக டியூன் செய்த கார்புரேட்டர் இன்ஜெக்‌ஷனுக்கு ஈடுகொடுக்கும். வித்தியாசம் தெரிவது குளிர்ந்த காலையில், அரைத் திராட்டிலில், நெரிசலில், மலையில்.

ஆயுளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். எஸ்.யு. கார்புரேட்டரின் உதிரிகளை இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம் இன்றும் தயாரிக்கிறது. நூற்றாண்டைத் தாண்டிய ஒரு வடிவத்துக்கு இன்றும் புதிய ஊசி, புதிய ஜெட் கிடைக்கிறது. மறுபுறம் 1967இன் டி-ஜெட்ரானிக்கின் அழுத்தச் சென்சார் பழுதானால் அந்தக் கார்க்காரர் உலகம் முழுக்கத் தேட வேண்டியிருக்கிறது. இன்று விற்கும் கிட்டுகளுக்கும் இதே விதி வரலாம். அமெரிக்காவின் ஹாலி நிறுவனம் 2017இல் கொண்டுவந்த ஸ்னைப்பர் போன்றவை, ஓட ஓடத் தாமே கற்றுக்கொண்டு கலவையைத் திருத்திக்கொள்ளும். மாட்டுவது எளிது, விலை ஆயிரம் டாலருக்கு மேல். ஆனால் அவை பெரும்பாலும் பெரிய அமெரிக்க வி8 இன்ஜின்களை மனதில் வைத்துச் செய்தவை. ஒன்றரை லிட்டர் அம்பாசிடருக்கு அது மிகப் பெரிய அளவு. புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ இருவரும் உருவாக்கிய மெகாஸ்குவர்ட், ஆர்டுயினோ பலகையில் ஓடும் ஸ்பீடுயினோ போன்றவற்றின் வரைபடம் எல்லோருக்கும் கிடைக்கிறது. சர்க்யூட் பழுதானாலும் உள்ளூர் எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் பார்த்துச் சரிசெய்யலாம். இன்ஜெக்டர், திராட்டில் சென்சார், பம்பு ஆகியவற்றை லட்சக்கணக்கில் ஓடும் இந்தியச் சிறிய கார்களிலிருந்து எடுத்துக்கொண்டால் இருபது ஆண்டு கழித்தும் உதிரி கிடைக்கும். பழைய காருக்கு இன்ஜெக்‌ஷன் போடுவதென்றால் இந்தப் பாதையே சிறந்தது.

சட்டமும் குறுக்கே வரும். 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவத்தில் பேணப்படும், பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகள் மட்டுமே ‘விஏ’ எழுத்துடன் கூடிய விண்டேஜ் பதிவெண் பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. விண்டேஜ் பதிவைக் கனவு காண்பவர் இன்ஜின் பக்கம் மாற்றம் செய்வது தன் காலைத் தானே வெட்டிக்கொள்வது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனமும் இதே திசையில் பேசுகிறது: தவிர்க்க முடியாத மாற்றங்களைத் திருப்பி எடுக்கக்கூடியதாகச் செய்ய வேண்டும், பதிவு செய்து வைக்க வேண்டும்.

அப்படியானால் யாருக்கு எது? மாதத்துக்கு ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து, ஆண்டுக்கொரு அணிவகுப்பில் நிறுத்தும் ஹெரால்டுக்கு கார்புரேட்டரே சரி. புதிய ஹோஸ், சுத்தமான டாங்க், இ20க்கு ஏற்ற ஜெட், பம்புக்கும் சைலன்ஸருக்கும் நடுவே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு, பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். இவ்வளவையும் செய்தாலும் இன்ஜெக்‌ஷன் செலவில் சிறு பங்குதான் ஆகும். அதன் பிறகு தொல்லை பெரும்பாலும் போய்விடும். இன்ஜெக்‌ஷனை முடிவு செய்துவிட்டவர்களும் இந்த வேலைகளை முதலில் செய்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. அதற்குப் பிறகு அது தேவையே இல்லை என்று தோன்றவும் வாய்ப்பு உண்டு.

தினமும் அலுவலகத்துக்கு அம்பாசிடரில் போகிறவர், மலையும் சமவெளியுமாக நெடுந்தூரம் ஓட்டுகிறவர், இன்ஜின் ஆரோக்கியமாக இருந்தும் வெயிலில் தொல்லைப்படுகிறவர் ஆகியோருக்கு இன்ஜெக்‌ஷன் போட நியாயம் இருக்கிறது. அவர்கள் கழற்றும் எஸ்.யு.வையோ சோலெக்ஸையோ பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடக் கூடாது. பெட்ரோலை வடித்து, காற்றடித்து, லேசாக எண்ணெய் பூசி, மேனிஃபோல்டையும் இணைப்புக் கம்பிகளையும் கூடவே பெட்டியில் வைக்க வேண்டும். எந்த ஊசி, எத்தனையாம் எண் ஜெட், நட்டு எத்தனை திருப்பு என்பதையும், புதிதாகப் போட்ட வயரிங்கின் வரைபடத்தையும், கணினியில் ஏற்றிய டியூனிங் கோப்பின் பிரதியையும் அதே பெட்டியில் போட வேண்டும். அந்தக் கணினி பழுதாகி மாற்று கிடைக்காமல் போனாலும், வண்டி கைமாறினாலும், அடுத்தவர் அதைப் பழைய நிலைக்குத் திருப்ப இந்தப் பெட்டி ஒன்றே போதும்.